கசகசாவில் பாதி

தொழிற்சாலையில் ஏழாவது லைன் என் பொறுப்பு.
மணிக்கு நாற்பதாயிரம் துண்டுகளை
இயந்திரம் கொத்திக் கொத்தி வைக்கும்,
கோழிகூட அவ்வளவு வேகமாய்க் கொத்தாது.
நான் ரீல் மாற்றுவேன்.
சிவப்பு விளக்கு எரிந்தால் அஸ்லினாவைக் கூப்பிடுவேன்.
ஆறு வருடத்தில் ஒரு துண்டைக்கூட
விரலால் தொட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை லோரோங் கூலிட் சந்தையில்
நாற்பது ரிங்கிட்டுக்குக் கிடைத்தது
கையடக்கமான பழைய கேம் பெட்டி.
திரை மங்கல். வெயிலில் சாய்த்தால்தான்
உள்ளே ஓடுகிறவன் தெரிவான்.
புதுத் திரை தபாலில் வந்தது.
ஒரே ஒரு கம்பியை ஒட்டினால் போதும்,
வெளிச்சத்தைக் கூட்டலாம் குறைக்கலாம்
என்றது கூட வந்த தாள்.

அந்த ஒரே ஒரு கம்பிக்குப் போன கோல்முனை
பக்கத்தில் சும்மா நின்றதை இடித்துத் தள்ளியது.
கப்பாசிட்டர். கசகசாவில் பாதி.
பெரிய ரெசிஸ்டருக்காவது தலையில் எழுத்திருக்கும்,
இதற்குத் தலையெழுத்தே கிடையாது.

விசிறியை நிறுத்தினேன். மூச்சையும்.
பதினான்காம் மாடிக் காற்று கேட்காமல் உள்ளே வந்தது.
ஆஸ்பத்திரி ஷிஃப்டுக்குப் புறப்பட்ட லோகேஸ்
முட்டி போட்டுத் தரையைத் தடவினாள்.
"என்ன, மூக்குத்தித் திருகாணியா?"
அதைவிடச் சிறுசு.
"அதைவிடச் சிறுசா எவன்டி செய்வான்?"
நாங்கள்தான். பாயான் லெப்பாஸில். ராத்திரி பகலாக.

கடைசியில் என் முழங்கை வியர்வையில் ஒட்டியிருந்தது.

கோல் முந்நூற்றைம்பது டிகிரிக்கு ஏறியது,
ஃபிளக்ஸ் குங்கிலியமாய்ப் புகைந்தது,
செவ்வாய்க்கிழமை அறையில் வெள்ளிக்கிழமை வாசனை.
ஒரு பக்கம் பிடித்ததும்
மறுபக்கத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றது துண்டு.
வேலையிடத்தில் அதற்குக் கல்லறைக்கல் என்று
இங்கிலீஷில் ஒரு பெயர் உண்டு.
எனக்கு நடுகல்லாய்த் தெரிந்தது.
ஆநிரை எதையும் மீட்காமல்
ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்கு.

காய்ச்சிய ஈயத்தைக் காதில் ஊற்றியது போல என்பார்கள்.
எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று மட்டும்
யாரும் சொல்லிவைக்கவில்லை.
மறுநாள் அதிகமாகிவிட்டது.
இரண்டு கால்களுக்கு நடுவே பளபளவென்று பாலம்.
ஜன்னலுக்கு வெளியே இன்னொரு பாலம்
விளக்குகளோடு பெருநிலத்துக்குப் போகிறது,
அஸ்லினா அதில்தான் மோட்டாரில் வருவாள்.
இங்கே பாலம் என்றால் ஷார்ட்.
செம்புப் பின்னலை வைத்து உறிஞ்சினேன்.
ஈயத்தோடு அடியிலிருந்த திட்டும் உரிந்து வந்தது,
நகக்கண் அழுக்களவு செம்பு.

அன்றைக்கு எல்லாவற்றையும் மைலோ டின்னில் போட்டு மூடினேன்.
இரண்டு நாள் மழை.

நடுக்கம் விரலில் இல்லை, தோளில்.
இதைத் தெரிந்துகொள்ள வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது.
சுண்டுவிரலை மேஜையில் ஊன்றினேன்.
கோப்பியை நிறுத்தினேன்.
பிளேடால் பச்சைப் பூச்சைச் சுரண்டினால்
கீழே செம்புத் தடம், ரோமம் போல.
செத்த இயர்போனில் உருவிய இழையை அதில் கிடத்தி
சூட்டை ஈயத்துக்குக் காட்டாமல்
இடத்துக்குக் காட்டினேன்.
ஈயம் சட்டென்று தண்ணீரானது.
கோணலாய்க் கிடந்த துண்டு
தானே நகர்ந்து போய் உட்கார்ந்தது.
நான் தள்ளவில்லை, சத்தியமாக.

திரை எரிந்தது.
போட்டு விளையாட கேசட் வாங்க மறந்திருந்தேன்.
வெறும் கம்பெனிப் பெயரை
வெளிச்சம் கூட்டியும் குறைத்தும்
விடிகிற வரை பார்த்தேன்.
"ஜெயிச்சிட்டியா?" என்றாள் திரும்பி வந்த லோகேஸ்.

திங்கள், ஷிஃப்ட் முடிகிற நேரம்.
இயந்திரம் தவறவிட்டவை சேரும் தட்டை
வழக்கம்போல் குப்பைப் பையில் கவிழ்க்கப் போனேன்.
தலையெழுத்தில்லாதவை, பழுப்பாய், ஒரு கைப்பிடி.
எண்ண ஆரம்பித்தேன்.
அறுபத்து மூன்றில் மணியடித்தது.
கவிழ்த்தேன்.